வரிசையைப் பார்த்தீர்கள், படிவத்தைப் பார்த்தீர்களா?
பன்னாட்டுத் தேர்தல் பார்வையாளர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியம், ஆப்பிரிக்க ஒன்றியம், காமன்வெல்த், அமெரிக்க நாடுகள் அமைப்பு, கார்ட்டர் மையம் என்று நீங்கள் பல பெயர்களில் வருகிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதைத் தமிழில் எழுதினால் உங்கள் மேசைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று மகள் கேட்டாள். நீங்கள் படிக்கும்வரை நம்மவர்கள் நாலு பேர் படிக்கட்டுமே என்றேன்.

நான் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தியாவுக்கு உங்களைப் போன்ற கண்காணிப்புக் குழுக்கள் வருவதில்லை. வெளிநாட்டுத் தேர்தல் அதிகாரிகளை விருந்தினராக அழைத்து, இரண்டு மூன்று ஊர்களைச் சுற்றிக் காட்டி அனுப்புவார்கள், அதோடு சரி. அதனால் நான் பார்த்த தேர்தல் டியூட்டிகளில் உங்கள் ஆட்கள் யாரும் என் சாவடிக்குள் நுழைந்ததில்லை. ஆனால் உங்கள் வேலையும் என் பழைய வேலையும் நடப்பது ஒரே மாதிரி இடத்தில்தான்: பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் மேசை போட்ட ஒரு வகுப்பறையில். 1996இல் பெட்டியும் சீட்டுமாக இருந்த காலத்தில் தொடங்கி, இயந்திரம் வந்த பிறகும் பல தேர்தல்களில் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் வந்தது. வாக்குப்பதிவு முடிந்து இரண்டாம் நாளே முதற்கட்ட அறிக்கை வந்துவிடுகிறது. மக்கள் விடியற்காலையிலிருந்து பொறுமையாக வரிசையில் நின்றார்கள், பெண்கள் பெருமளவில் வந்தார்கள், சிறு குறைகள் தவிர ஒழுங்காக நடந்தது என்று எழுதுகிறீர்கள். நாடு மாறுகிறது, பத்தி மாறுவதில்லை. காலைப் பந்தியில் இட்லி பொங்கல் சாப்பிட்டு, மொய் எழுதி, தாலி கட்டும் முன்பே பஸ் ஏறிவிட்ட உறவுக்காரர் ஊருக்குப் போய், "கல்யாணம் ஜோராக நடந்தது" என்று சொல்வதுபோல இருக்கிறது அது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் இருந்தவரைக்கும் ஜோராகத்தான் நடந்தது.

வாக்குச்சாவடியில் தாலி கட்டும் நேரம் எது என்று கேட்டால், என்னைப் போன்ற ஆட்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம். மாலையில் கடைசி ஆள் ஓட்டுப் போட்டுப் போன பிறகு வருகிற நேரம் அது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டில் குளோஸ் பட்டனை அழுத்துவோம். மொத்தம் எத்தனை என்று திரையில் எண் வரும். அதைப் படிவம் 17சி-யில் எழுத வேண்டும். வாக்காளர்கள் கையெழுத்திட்ட 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணோடு அது பொருந்த வேண்டும். பிறகு ஒவ்வொரு பூத் ஏஜென்ட்டுக்கும் ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். காலை ஐந்து மணியிலிருந்து உழைத்த உடம்பு கெஞ்சும். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். அந்த நேரத்தில் ஏழெட்டு நகல் எழுதுவது எவ்வளவு கொடுமை என்று எழுதியவனுக்குத்தான் தெரியும்.

ஒருமுறை பதிவேட்டுக்கும் இயந்திரத்துக்கும் ஒரு ஓட்டு இடித்தது. ஒன்றே ஒன்று. ஏஜென்ட்டுகள் ஐந்து பேரும் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். வாக்காளர் சீட்டுகளை எண்ணினோம், பதிவேட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தோம். ஒரு மணி நேரம் கழித்து விஷயம் பிடிபட்டது: மத்தியானம் ஒரு பாட்டி கைரேகை வைத்து மையும் வைத்துக்கொண்டவர், பேரப்பிள்ளை வெளியே அழுகிறான் என்று அப்படியே போய்விட்டார். சீட்டைக்கூட யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு ஏஜென்ட்டுக்கு அது நினைவிருந்தது. அதைக் குறிப்பில் எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே பெட்டிக்கு அரக்கு வைத்தோம். அன்று கிளம்பும்போது ஓர் இளைஞர், கட்சியின் பெயர் வேண்டாம், தன் 17சி நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். "எண்ணுற அன்னைக்கு இதுதான் சார் எங்களுக்கு எல்லாம்" என்றார்.

அந்தச் சட்டைப்பையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

கென்யாவை எடுத்துக்கொள்வோம். உங்களில் பலர் 2017 ஆகஸ்டில் நைரோபியில் இருந்தீர்கள். கார்ட்டர் மையத்தின் சார்பில் ஜான் கெர்ரி, ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் தாபோ இம்பெக்கி, காமன்வெல்த்துக்கு ஜான் மஹாமா, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மரியேச்சே ஸ்காகே. ஒரு முன்னாள் வெளியுறவு அமைச்சர், இரண்டு முன்னாள் அதிபர்கள், ஓர் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். அத்தனை பெரிய மனிதர்களை ஒரே வாரத்தில் ஒரே ஊரில் பார்ப்பது அபூர்வம்.

கென்யாவிலும் எங்கள் 17சி-யின் அண்ணன் ஒன்று உண்டு. 34ஏ என்று பெயர். அங்கே சாவடியிலேயே எண்ணிவிடுவார்கள். யாருக்கு எத்தனை என்று 34ஏ-யில் எழுதி, ஏஜென்ட்டுகள் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கதவில் ஒட்டிவிட வேண்டும். அதையே கையடக்கக் கருவியில் படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். தொகுதியில் 34ஏ-க்களைக் கூட்டினால் 34பி. நாட்டுக்கே கூட்டினால் 34சி. மொத்தம் 40,883 சாவடிகள். ஏற்பாடு அருமை, ஒரு கணக்கு வாத்தியார் மனசார மெச்சுகிற ஏற்பாடு. அந்த ஜூன் மாதம் கென்யாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம், சாவடியில் அறிவித்த எண்ணே இறுதி, மேலே இருப்பவர்கள் அதைத் திருத்த முடியாது என்றுகூடச் சொல்லிவைத்திருந்தது.

அந்தக் கணினி ஏற்பாட்டைக் கவனித்துவந்த தேர்தல் ஆணைய அதிகாரி கிறிஸ் இம்சாண்டோ, வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு காணாமல் போனார். சித்திரவதை செய்யப்பட்ட அவருடைய உடல்தான் கிடைத்தது. ஒரு தேர்தலில் கணக்கு எழுதும் ஆளைக் கொன்றால், கணக்குப் புத்தகத்தின் மேல்தானே முதலில் கண் போக வேண்டும்?

ஆகஸ்ட் 8 வாக்குப்பதிவு. அன்றிரவே ஆணையத்தின் தளத்தில் எண்கள் ஓட ஆரம்பித்தன. எண்களுக்குப் பின்னால் இருக்க வேண்டிய 34ஏ படங்கள் வரவில்லை. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சாவடிகளில் இணைய வசதி போதாது என்று ஆணையம் முன்பே சொல்லியிருந்தது, சரி. ஆனால் படிவம் வராத இடத்திலிருந்து எண் மட்டும் எப்படி வந்தது? ஆகஸ்ட் 10 அன்று உங்கள் செய்தியாளர் கூட்டங்கள் நடந்தன. பாராட்டுகள் வந்தன. குறை இருந்தால் தெருவுக்குப் போகாமல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று எதிர்க்கட்சிக்கு அறிவுரையும் வந்தது. மறுநாள் அப்போதைய அதிபர் உஹுரு கென்யாட்டா 54 விழுக்காடு பெற்று வென்றதாக அறிவிப்பு. அந்த நிமிடத்தில் ஆயிரக்கணக்கான 34ஏ படிவங்கள் ஆணையத்தின் கைக்கே வந்து சேரவில்லை.

எதிர்க்கட்சி வேட்பாளர் ராய்லா ஒடிங்கா நீதிமன்றத்துக்குப் போனார். போங்கள் என்று நீங்கள் சொன்னபோது, போனால் இப்படி ஆகும் என்று உங்களில் எத்தனை பேர் நினைத்தீர்களோ தெரியாது. செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையிலான உச்ச நீதிமன்றம், நாலுக்கு இரண்டு என்ற கணக்கில், அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. நீதிமன்றம் நியமித்த ஆட்கள் படிவங்களைப் பிரித்துப் பார்த்தபோது சிலவற்றில் நீர்க்குறி இல்லை, சிலவற்றில் வரிசை எண் இல்லை, சிலவற்றில் கையெழுத்தே இல்லை. கணினிச் சேமிப்பகத்தைத் திறந்து காட்டச் சொன்ன உத்தரவை ஆணையம் முழுமையாக நிறைவேற்றவில்லை. காட்டாததை வைத்தே நீதிபதிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேர்தல் என்பது ஒரு நாள் நிகழ்ச்சி இல்லை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை உள்ள நடைமுறை என்றார் மராகா. உங்கள் அறிக்கைகளையும் தீர்ப்பு விட்டுவைக்கவில்லை. முடிவுகள் அனுப்பப்பட்ட விதத்துக்கு அவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. நாகரிகமான மொழியில் சொன்னார்கள். எங்கள் தலைமை ஆசிரியராக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

உங்கள் பக்க நியாயத்தையும் நான் மறைக்கப்போவதில்லை. கென்யாவின் உள்ளூர்ப் பார்வையாளர் அமைப்பு ஒன்று, நாடு முழுக்க 1,703 சாவடிகளை மாதிரியாக எடுத்து, அவற்றில் எண்ணியதைத் தனியாகக் கூட்டிப் பார்த்தது. அதன் கணக்கிலும் கென்யாட்டாவுக்கு 54 விழுக்காடுதான் வந்தது. அதனால் எண் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நீதிமன்றமும் ஒடிங்கா வென்றார் என்று சொல்லவில்லை. விடை சரியாக இருந்தாலும் வழிமுறையைக் காட்டாத தாளுக்கு முழு மதிப்பெண் போட முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இரண்டு மதிப்பெண் கணக்கிலேயே அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அவசரத்துக்குக் காரணமும் எனக்குப் புரிகிறது. 2007 தேர்தலுக்குப் பின் கென்யாவில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், சுமார் ஆறு லட்சம் பேர் வீடிழந்தார்கள். யார் ஜெயித்தார் என்று எனக்கே தெரியாது என அப்போதைய ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுய்ட்டு வாயால் ஒப்புக்கொண்ட தேர்தல் அது. மறுபடி அப்படி ஒரு தீ பற்றக்கூடாது என்ற பயத்தில்தான் 2017இல் ஈரத்துணியோடு ஓடி வந்தீர்கள். ஆனால் "எல்லாம் சரி" என்ற சொல் தோற்றவன் காதில் எப்படி விழும் என்று யோசித்தீர்களா? அவன் சட்டைப்பையில் ஒரு நகல் இருக்கிறது. அதில் உள்ள எண்ணை யாருமே கேட்கவில்லை. வெள்ளைக்காரர் வந்தார், வரிசையைப் படம் எடுத்தார், போய்விட்டார். அமைதி அதிலா வரும்? அக்டோபர் 26 மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்தார். கென்யாட்டாவுக்கு 98 விழுக்காடு. ஓட்டுப் போட வந்தவர்கள் நாற்பது விழுக்காட்டைத் தாண்டவில்லை.

அடுத்து மலாவி. இங்கே நான் கொஞ்சம் சிரித்தே படித்தேன். 2019 மே மாதத் தேர்தல், அதிபராக இருந்த பீட்டர் முத்தாரிகா 38 விழுக்காட்டுச் சொச்சத்தில் வென்றதாக அறிவிப்பு. கூட்டல் தாள்களில் எண்களின் மேல் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். அங்கே டிப்பெக்ஸ் என்கிறார்கள், நம் ஊர்க் கடையில் ஒயிட்னர். பரீட்சைத் தாளில் ஒயிட்னர் பூசினால் அந்தக் கணக்குக்குப் பூஜ்ஜியம் என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுவேன். தப்பு வந்தால் ஒரு கோடு அடி, பக்கத்தில் சரியானதை எழுது. அடித்ததும் தெரிய வேண்டும், எழுதியதும் தெரிய வேண்டும். தேர்தல் படிவத்திலும் அதே விதிதான், கூடவே சுருக்கொப்பம் வேண்டும். மலாவியில் அந்த அடிப்படையே போயிற்று. ஆனால் அந்தத் தேர்தலையும் உங்கள் முதற்கட்ட அறிக்கைகள் பெரும்பாலும் மெச்சித்தான் இருந்தன, ஏனென்றால் வரிசையில் யாரும் ஒயிட்னர் பூசவில்லை.

மலாவியர்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் ராணுவப் பாதுகாப்போடு வந்து, மணிக்கணக்கில் தீர்ப்பைப் படித்துத் தேர்தலை ரத்து செய்தார்கள். ஜூன் 23 மறுதேர்தலில் எதிர்க்கட்சியின் லாசரஸ் சக்வேரா வென்றார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது கொரோனா காலம், வெளிநாட்டுக் குழுக்கள் கிட்டத்தட்ட வரவே இல்லை. உள்ளூர் ஏஜென்ட்டுகளும் சர்ச் ஆட்களும் இளைஞர்களும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் இல்லாத தேர்தலே நல்ல தேர்தல் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அநியாயம், நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் யார் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்கள் தொழிலின் பிறப்பே அப்படித்தான் இருக்கிறது. 1857இல், இன்று ருமேனியா இருக்கும் பக்கத்தில், மால்டேவியா, வாலாக்கியா பகுதிகளில் நடந்த தேர்தலை ஐரோப்பிய வல்லரசுகளின் ஆணையர்கள் கண்காணித்தார்கள், பன்னாட்டுக் கண்காணிப்பின் முதல் கதை என்று அதைச் சொல்வார்கள். அந்த முதல் தேர்தலிலேயே மால்டேவியாவில் முடிவைத் திருத்திவிட்டார்கள். அதை நிர்வகித்தவரின் ரகசியக் கடிதங்கள் வெளியே கசிந்தன, தேர்தல் ரத்தாகி மறுபடி நடந்தது. அப்போதும் காட்டிக்கொடுத்தது காகிதம்தான்.

உங்களில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1989 மே மாதம் பனாமாவில் ராணுவ ஆட்சியாளர் நொரியேகாவின் ஆட்கள் சாவடித் தாள்களுக்குப் பதில் போலித் தாள்களை நுழைத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை சாவடிகளில் எடுத்துவைத்திருந்த கணக்கில் எதிர்க்கட்சி மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தது. கார்ட்டர் மையத்தை நிறுவிய ஜிம்மி கார்ட்டர் எண்ணிக்கை மையத்துக்கே போய், தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் அதிகாரிகளைப் பார்த்து, "நீங்கள் யோக்கியர்களா, திருடர்களா?" என்று கத்தினார். முன்னாள் அதிபர் ஒருவர் கூட்டல் கணக்குக்காகக் கத்திய அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1986 பிப்ரவரியில், பிலிப்பைன்ஸில் ஆணையத்தின் கணினிகளில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்த முப்பதுக்கு மேற்பட்ட பேர், தாங்கள் தட்டுகிற எண் ஒன்றாகவும் பலகையில் வருகிற எண் வேறாகவும் இருப்பதைக் கண்டு, எழுந்து வெளியே நடந்தார்கள். அதிபர் மார்க்கோஸின் ஆட்சி அந்த மாதமே முடிந்தது. அவர்கள் யாரும் கண்காணிப்பு அதிகாரிகள் இல்லை. சம்பளத்துக்குக் கூட்டல் போட வந்தவர்கள்.

அதற்காக, சந்தேகம் வந்ததுமே உரக்கக் கத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2019 அக்டோபர் 20 பொலிவியாவில் தேர்தல். இரவில் வேக எண்ணிக்கை நின்று மறுபடி தொடங்கியதும், போக்கு மாறியதை விளக்க முடியவில்லை என்று அமெரிக்க நாடுகள் அமைப்பு மறுநாளே அறிக்கை விட்டது. நாடு பற்றியெரிந்தது. மூன்று வாரத்தில் அதிபர் ஈவோ மொராலெஸ் பதவி விலகி நாட்டை விட்டே போனார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர், கடைசியாக எண்ணப்பட்ட பகுதிகள் எவை என்று பார்த்தால் அந்தப் போக்கில் விசித்திரம் ஒன்றும் இல்லை என்று காட்டினார்கள். அமைப்பு தன் தணிக்கையில் வேறு முறைகேடுகளையும் பட்டியலிட்டது, அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் முதல் நாள் சொன்ன சொல் தாள்களைப் பார்த்துச் சொன்ன சொல் இல்லை. வளைகோட்டைப் பார்த்துச் சொன்னது. அவசரமாகப் பாராட்டுவதும் அவசரமாகக் குற்றம் சாட்டுவதும் எனக்கு ஒரே குறையாகத்தான் தெரிகிறது.

அஜர்பைஜான் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2013 அக்டோபர் 9 தேர்தல். அதற்கு முந்தின நாளே ஆணையத்தின் கைபேசிச் செயலியில் அதிபர் இல்ஹாம் அலியேவ் 72 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்துவிட்டார். பரிசோதனைத் தகவல் தவறிப்போய் வெளியானது என்றார்கள். விடைத்தாள் பரீட்சைக்கு முந்தின நாள் வந்தது, அவ்வளவுதான். அந்தத் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் குழு, வாக்குப்பதிவு நாள் சுதந்திரமாகவும் நேர்மையாகவும் வெளிப்படையாகவும் இருந்தது என்று எழுதிக்கொடுத்தது. அதே நாட்டில், அதே நாளில், ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள் எண்ணிக்கை நடந்த இடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்த சாவடிகளில் 58 விழுக்காட்டில் எண்ணிக்கை மோசம் அல்லது மிக மோசம் என்று எழுதினார்கள். ஒரு குழு பகலைப் பார்த்தது, ஒரு குழு இரவைப் பார்த்தது.

வெனிசுவேலாதான் எனக்குப் பெரிய பாடம். அங்கே சாவடி இயந்திரம் அச்சடித்துத் தரும் தாளுக்கு ஆக்தா என்று பெயர். கட்சிச் சாட்சிகளுக்கு நகல் உண்டு. மூலையில் ஒரு கியூஆர் குறியும் உண்டு. 2024 ஜூலை 28 இரவு ஆணையம் அப்போதைய அதிபர் மதுரோ வென்றதாகச் சொன்னது, சாவடிவாரிக் கணக்கை இன்றுவரை வெளியிடவில்லை. எதிர்க்கட்சி ஆட்களோ இரவோடிரவாக ஆக்தாக்களைச் சேர்த்தார்கள். சாவடிகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றின் தாள்களைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கப் போட்டார்கள். அவற்றின்படி எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முந்தோ கொன்சாலெஸுக்கு 67 விழுக்காடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அழைப்பை ஆணையம் முன்பே திரும்பப் பெற்றிருந்தது. போயிருந்த கார்ட்டர் மையக் குழுவில் 17 பேர். அவ்வளவு பெரிய நாட்டுக்குப் பதினேழு பேர்! ஆனாலும் இரண்டே நாளில், இதை ஜனநாயகத் தேர்தலாகக் கொள்ள முடியாது, சாவடிக் கணக்கைக் காட்டவில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். பிறகு அந்தக் குழுவின் தலைவி ஜென்னி லிங்கன், தபாலில் தன்னிடம் வந்து சேர்ந்த அசல் ஆக்தாக்களை அமெரிக்க நாடுகள் அமைப்பின் அவையில் தூக்கிக் காட்டினார். பதினேழு பேரால் செய்ய முடிந்ததை நூற்றுக்கணக்கில் வரும் குழுக்கள் செய்ய முடியாதா?

அந்தத் தாள்களால் மதுரோ பதவி இறங்கவில்லை, 2025 ஜனவரியில் மறுபடி பதவியேற்றார். தாளுக்கு அவ்வளவு பலம் கிடையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் என்ன நடந்தது என்பதில் உலகத்தில் யாருக்கும் குழப்பம் இல்லாமல் போனது அந்தத் தாள்களால்தான்.

சரி, உங்களிடம் கேட்பது என்ன?

2005 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் கூடி, பன்னாட்டுக் கண்காணிப்புக்கான கோட்பாடுகளை நீங்களே அறிவித்தீர்கள். தேர்தலுக்கு முன்னும் அன்றும் பின்னும் சேர்த்துப் பார்ப்பதுதான் கண்காணிப்பு என்று அதில் இருக்கிறது. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் கையெழுத்தைத்தான் காட்டுகிறேன். இரண்டாம் நாள் அறிக்கையில் பெயரடைகளை விட்டுவிடுங்கள். எத்தனை சாவடிக்குப் போனோம், அவற்றில் எத்தனையில் எண்ணி முடிக்கும்வரை இருந்தோம், எத்தனை தாளின் நகல் எங்களிடம் இருக்கிறது, அவற்றில் எத்தனை மேலே அறிவித்த எண்ணோடு பொருந்துகிறது என்று நாலு வரி எழுதுங்கள் போதும். நேர்மையா இல்லையா என்பதை வழக்கு முடிந்து சொல்லலாம், எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை. அழைப்புக் கடிதம் வரும்போதே, சாவடிவாரித் தாள்களின் படத்தை அன்றிரவே பொதுவில் போடுவீர்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் அதையே அறிக்கையின் முதல் வரியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெரிய மனிதர்களைக் குறைத்து, கூட்டத் தெரிந்தவர்களைக் கூட்டி வாருங்கள். முன்னாள் அதிபர் ஒருவரின் விமானச் செலவில் இருபது கணக்கு வாத்தியார்களை அனுப்பலாம். தமிழ்நாட்டிலிருந்தே அனுப்பலாம், நானே வருவேன்.

முடியாத காரியம் இல்லை. 2022இல் கென்யா அதைச் செய்தது. 46,229 சாவடிகளின் 34ஏ-க்களையும் வர வரத் தளத்தில் போட்டார்கள். ஊடகங்களும், வீட்டில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளும் அவரவர் கூட்டிப் பார்த்தார்கள். வில்லியம் ரூட்டோவுக்கு 50.49, ஒடிங்காவுக்கு 48.85. இடைவெளி அவ்வளவு குறைவு. ஆணையர்கள் ஏழு பேரில் நாலு பேர் முடிவை ஏற்க மறுத்தார்கள். ஆனாலும் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடிவை உறுதிசெய்தபோது நாடு 2007இல் பற்றியதுபோலப் பற்றவில்லை. தாள் எல்லோர் கையிலும் இருந்தது.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டுச் சுவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலின்போது 17சி விவரங்களைப் பொதுவில் போடச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஏஜென்ட்டுகளைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றது ஆணையம். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது தலையிட முடியாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. மறுநாள் ஆணையம் தொகுதிவாரியாகப் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை வெளியிட்டது. சாவடிவாரி இல்லை. நான் கை வலிக்க எழுதிக்கொடுத்த அந்த நகலை ஏன் ஊருக்கே காட்டக்கூடாது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எழுதியவனுக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை.

உங்களில் சிலரின் விரலிலும் எங்கள் மைசூர் மை பட்டிருக்கும். பல நாடுகளுக்கு அங்கிருந்துதான் போகிறது. சாவடிக்கு வந்து விரலைப் பார்த்து, மை சரியாக இருக்கிறது என்று டிக் அடிப்பீர்கள். அடியுங்கள், அதுவும் வேண்டியதுதான். அடுத்த முறை அந்த டிக்கை அடித்த பிறகு வண்டியை அனுப்பிவிட்டு அங்கேயே இருங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல், எல்லோரும் களைத்துப்போயிருக்கும்போது, சாவடித் தலைமை அலுவலர் கதவருகே நின்று ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு நகல் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் ஏஜென்ட் பையன் தன்னுடையதை எந்தப் பையில் வைக்கிறான் என்று பாருங்கள். அவன் கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
17சி எழுதி எழுதிக் கை வீங்கிய ஒரு கணக்கு வாத்தியார்